ஊமை வெட்டுக்கிளிகள்

வெட்டுக்கிளியை விரட்டுகிற ஆட்களை நீங்கள் எத்தனையோ பார்த்திருப்பீர்கள். வெற்றிலை பாக்கு வைக்காத குறையாக அதை வீட்டுக்கு அழைத்த ஆளைப் பார்த்திருக்க மாட்டீர்கள். அந்தக் கோமாளி நான்தான். ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் நூற்கிற மிஷினைப் பழுதுபார்க்கும் ரிங் பிரேம் பிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், வீட்டுக்குப் பின்னால் காட்டுப்பூச் செடிகளை வளர்த்துக்கொண்டு, எப்போதடா ஒரு வெட்டுக்கிளி வரும் என்று நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். இயற்கை ஆர்வம், மண்ணாங்கட்டி எல்லாம் ஒன்றும் கிடையாது. என் காது நன்றாகக் கேட்கிறது என்பதை என் மருமகனுக்குக் காட்ட வேண்டியிருந்தது.

மருமகன் மருந்துக் கம்பெனி ஒன்றின் விற்பனைப் பிரதிநிதி. ஸ்ரீவில்லிபுத்தூரில் வீடு. கழுத்தில் டை, தோளில் பை, முகத்தில் எந்நேரமும் ஒரு சிரிப்பு. டாக்டர்களின் அறை வாசலில் காத்திருந்து காத்திருந்து தானும் முக்கால் டாக்டர் ஆகிவிட்டதாக அவருக்கு நினைப்பு. நான் தும்மினால் ஒரு மாத்திரையின் பெயரைச் சொல்வார். என் மனைவி முழங்காலைத் தடவினால் இரண்டு பெயர் சொல்வார். மகளைக் கட்டிக்கொடுத்த இடம் என்பதால் நானும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வேன்.

வம்பை இழுத்துவிட்டது காலிங் பெல். குருவி கத்துவதுபோல ஒரு சத்தம் வருமே, அந்த ரகம். சித்திரை வெயிலில் ஒரு நாள் மருமகன் எங்கள் வாசலில் நின்று அதை அழுத்தியிருக்கிறார். உள்ளே நானும் என் மனைவியும் டிவி பார்த்துக்கொண்டிருந்தோம். போன் போட்டிருக்கிறார். என் போன் அடுக்களை மேடையில் கிடந்தது. கடைசியில் பக்கத்து வீட்டு அம்மாள் ஜன்னல் வழியாகக் கையை விட்டு ஆட்டியபிறகுதான் நான் எழுந்து கதவைத் திறந்தேன். மாப்பிள்ளை வேர்வையில் குளித்துப்போய் நின்றார்.

"பெல் ரிப்பேர் மாப்ள" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே பெல்லை மறுபடி அழுத்தினார். "இப்ப அடிக்கு மாமா."

"அதான் சொல்லுதேன், ரிப்பேருன்னு."

அவர் பெல்லிலிருந்து கையை எடுத்தார். உள்ளே வந்து மோர் குடித்தார். அந்தச் சிரிப்பு மட்டும் முகத்தில் இல்லை. அன்றைக்கே எனக்கு ஒரு எரிச்சல்.

அது வெறும் பெல்லோடு போயிருந்தால் நானும் மறந்திருப்பேன். என் மகள் கிருஷ்ணன்கோவிலில் உள்ள கல்லூரியில் வேலை பார்க்கிறாள். பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்து, பெண் குழந்தையைப் பெற்று, குழந்தைக்குக் கழுத்து நின்றபிறகு புருஷன் வீட்டுக்குப் போனாள். பொங்கல் கழிந்து அவள் மறுபடி வேலைக்குப் போக வேண்டும். காலையில் கல்லூரி பஸ் பிடித்து அவள் வடக்கே போவாள். மாப்பிள்ளைக்கு ராஜபாளையத்தில்தான் பாதி வேலை. பிள்ளையைக் கொண்டுவந்து எங்களிடம் விட்டுவிட்டு சாயங்காலம் எடுத்துப்போவார். இதுதான் எல்லாரும் பேசிவைத்திருந்தது. என் மனைவி அந்த நாளுக்காகவே உயிரை வைத்துக்கொண்டிருந்தாள். குழந்தை போனதிலிருந்து தொட்டில் கொக்கியை அண்ணாந்து பார்த்தபடியே வீட்டுக்குள் நடமாடினாள்.

பெல் விவகாரத்துக்குப் பிறகு மகள் போனில் மென்று விழுங்கினாள். "அப்பா, அவரு கேக்காரு. பிள்ள உள்ரூம்ல தூங்கி எந்திரிச்சு அழுதா உங்களுக்குக் கேக்குமான்னு கேக்காரு. ஒரு தடவ காத டெஸ்ட் பண்ணிக்கிடுங்களேன். இல்லேன்னா இங்கனயே ஒரு பிளே ஸ்கூல் பாத்திருக்காராம்."

அந்தப் பிளே ஸ்கூலை நானும் ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். சுவரில் ஒரு யானை ஸ்கூட்டர் ஓட்டுகிறது. மூக்கு ஒழுகும் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து அதைப் பார்க்கின்றன. சொந்தத் தாத்தாவும் ஆச்சியும் குத்துக்கல்லாக இருக்கும்போது, என் பேத்தி அங்கே போய் ஸ்கூட்டர் யானையைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டுமாம்.

சரி, டெஸ்ட்தானே என்று போனேன். கல்யாண மண்டபம் ஒன்றில் இலவசக் காது பரிசோதனை என்று பேனர் கட்டியிருந்தார்கள். காதுமிஷின் விற்கிறவர்கள் நடத்துகிற முகாம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? உள்ளே போனவன் எவனும் காது கேட்கிறது என்ற தீர்ப்போடு வெளியே வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. ஒரு சின்னப் பெண் என் தலையில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் அழுத்துங்கள் என்றாள். கொஞ்ச நேரத்தில் எனக்கு வித்தை பிடிபட்டுவிட்டது. அவள் சத்தத்தை அனுப்பும்போது அவள் கட்டைவிரல் அசைந்தது. விரல் அசையும்போது நான் பட்டனை அழுத்தினேன். மிஷினோடு வாழ்ந்தவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா? அவள் சாமர்த்தியசாலி. மிஷினை அந்தப் பக்கமாகத் திருப்பிவைத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

"கீச்சுச் சத்தமெல்லாம் ரொம்பக் குறைஞ்சிருக்குங்கய்யா" என்றாள் கடைசியில். "அதுதான் மொதல்ல போகும். வீட்டுப் பக்கம் இந்த வெட்டுக்கிளி, சில்வண்டுச் சத்தமெல்லாம் உங்களுக்குக் கேக்குதா?"

"இருந்தாத்தானம்மா கேக்கும்" என்றேன். "இந்த ஊர்ல இப்ப வெட்டுக்கிளி எங்க இருக்கு?"

அவள் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. காதுக்குப் பின்னால் மாட்டுகிற இறால் மாதிரி ஒரு சாமானைக் காட்டினாள். அதை என் காதில் வைத்துப் பார்க்கக்கூட நான் சம்மதிக்கவில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

நேராகப் போனது டீக்கடைக்கு. அங்கே எங்கள் ஜமா கூடும். எல்லாரும் என்னோடு மில்லில் இருந்து ஓய்வு பெற்றவர்கள். ஒருவர் பஞ்சைச் சீவுகிற கார்டிங், ஒருவர் ரிங் பிரேமிலேயே ஆட்களை மேய்க்கிற ஜாப்பர், இன்னொருவர் பஞ்சை உதறுகிற புளோ ரூம்; இப்போதும் எங்களுக்குள் அதுதான் பெயர். விஷயத்தைச் சொன்னேன். அத்தனை பேரும் ஒரே குரலில் கொதித்தார்கள்.

"வெட்டுக்கிளிச் சத்தம் கேட்டு எம்புட்டு வருசமாச்சு! வயலு பூரா மருந்தடிச்சே கொன்னுபுட்டானுவ" என்றார் கார்டிங்.

"செல் டவருலே. அந்தக் கதிர்ல ஒரு பூச்சி பொழைக்காது" என்றார் புளோ ரூம்.

"இல்லாத பூச்சி எப்படிக் கத்தும்? காதுக்கு மேல பழி போட்டு மிஷின வித்துப்புடுதானுவ" என்றார் ஜாப்பர்.

எனக்கு யானை பலம் வந்துவிட்டது. நான்கு பேருக்குமா காது போயிருக்கும்? ஊரில் வெட்டுக்கிளி ஒழிந்துபோயிற்று. அதற்கு என் காதைப் பிடித்துத் திருகுகிறார்கள். சரி, வெட்டுக்கிளியைக் கொண்டுவந்தே காட்டுகிறேன் என்று அங்கேயே முடிவு செய்தேன். அது கத்தும்போது மாப்பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்தி, "கேக்குதா மாப்ள? எனக்குக் கேக்குது" என்று சொல்ல வேண்டும். பிறகு பேத்தி எங்கள் வீட்டில் இருப்பாள். ஸ்கூட்டர் யானைக்கு வேறு பிள்ளைகள் கிடைக்கும்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓர் அறை கட்டுவதற்காக விட்டிருந்த இடம் சும்மா கிடந்தது. அதில் தோட்டம் போடலாம் என்று செல்போனில் வீடியோ பார்த்தேன். தொப்பி வைத்த ஒரு பெண் இங்கிலீஷும் தமிழும் கலந்து, காட்டுப்பூத் தோட்டம் போட்டால் பூச்சிகள் தானாக வரும் என்று கொஞ்சிக் கொஞ்சிச் சொன்னாள். கையில் மண் ஒட்டவே இல்லை. அவள் சொன்ன விதைப் பாக்கெட்டை ஆன்லைனில் வாங்கினேன். அட்டையில் மலையடிவாரம் முழுக்க ரோஸும் வெள்ளையுமாகப் பூத்துக் கிடந்தது. காட்டுப்பூ விதையைக் காசு கொடுத்துத் தபாலில் வரவழைத்தவன் இந்த ஊரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். நிமிர்ந்து பார்த்தால் மேற்கே மலை. இறங்கி நடந்தால் ரோட்டோரமெல்லாம் செடி.

ஆடிக் காற்றில் பாதி விதை பறந்தது. மீதியை எறும்பு இழுத்துப்போனது. தப்பியது நாலைந்து, குச்சி குச்சியாக வளர்ந்து ரோஸ் நிறத்தில் பூத்தது. அதற்குக் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினேன். அடுத்த தெரு ஆடு ஒன்று மத்தியானம் உள்ளே புகுந்து எல்லாவற்றையும் வேரோடு மேய்ந்துவிட்டுப் போனது. அந்த ஆட்டின் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. அந்தத் தோட்டத்தை ரசித்த ஒரே ஜீவன் அதுதான்.

அடுத்த கிறுக்குத்தனம் இதைவிடப் பெரியது. சுந்தரபாண்டியத்தில் என் சகலைக்கு வயல் உண்டு. பைக்கில் போய், பழைய கொசுவலையைப் பை மாதிரித் தைத்து, வரப்பில் குதிக்கிற வெட்டுக்கிளிகளைப் பிடித்தேன். பக்கத்தில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. சகலை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"நாங்க இதக் கொல்லதுக்குக் கடன உடன வாங்கி மருந்தடிக்கோம். நீரு என்னடான்னா பிடிச்சுக்கிட்டுப் போறீரு. கறி வைக்கவா?"

 ஓட்டை போட்ட தண்ணீர் பாட்டிலில் அடைத்துக் கொண்டுவந்து பின்பக்கம் திறந்துவிட்டேன். வெறும் கட்டாந்தரை. ஒளிய ஒரு புல் இல்லை. தவிட்டுக் குருவிகள் கூட்டமாக இறங்கின. கல்யாணப் பந்தியில்கூட அவ்வளவு வேகமாக இலை காலியாகாது. மிஞ்சிய ஒன்று சுவரேறி எதிர்வீட்டுக்குப் போனது. அதையும் ஓணான் பிடித்துவிட்டது.

அப்போதுதான் புத்தியில் உறைத்தது. வெட்டுக்கிளிக்கு வேண்டியது தோட்டம் இல்லை, புல். யாரும் கை வைக்காத புல். எங்கள் தெருவில் அது குதிரைக்கொம்பு. வாசலிலிருந்து பின்சுவர் வரைக்கும் சிமென்ட் போட்டு, அதற்கு மேல் டைல்ஸ் ஒட்டி, அதற்கும் மேல் பிளாஸ்டிக்கில் செய்த பச்சைப் புல்லை விரித்துவைத்திருக்கிறார்கள். நிஜப் புல் ஒன்று தலை காட்டிவிட்டால் வீட்டில் சாவு விழுந்த மாதிரிப் பதறுவார்கள். என் மனைவியும் அதில் ஒருத்திதான். காலையில் விளக்குமாற்றை எடுத்தால் மண்ணின் தோல் உரிந்து வரும் அளவுக்குப் பெருக்குவாள். அந்த விளக்குமாற்றை நான் ஒளித்துவைத்தேன்.

"பின்னால காடா மண்டிக் கிடக்கட்டும்ங்கியளா? நாலு பேரு வந்தா என்ன நினைப்பாக?"

"ஏட்டி, உனக்குப் பேத்தி வேணுமா, பெருக்குன தரை வேணுமா?"

அதற்குப் பிறகு அவள் பின்பக்கமே போகவில்லை. ஆடு வராமல் வேலியை மட்டும் அடைத்தேன். ஐப்பசியில் மழை விழுந்தது. நான் விதைக்காதது, நான் தண்ணீர் ஊற்றாதது எல்லாம் முளைத்தது. தும்பை வந்தது. மூக்குத்திப் பூ வந்தது. கொழுஞ்சி ஊதாவாகப் பூத்தது. நெருஞ்சி படர்ந்து மஞ்சளாகக் கிடந்தது. ரோட்டோரத்திலிருந்து இரண்டு ஆவாரஞ் செடியைப் பிடுங்கி வந்து ஊன்றினேன். நடுவில் அருகும் கொழுக்கட்டைப் புல்லும் முழங்கால் உயரத்துக்கு எழுந்தன. முட்டையிட வெறும் மண் வேண்டும் என்பதால் வேலியோரம் கொஞ்சம் இடத்தைக் கொத்திவிட்டேன். எதிர்வீட்டுக்காரர் மாடியில் நின்று, "பாம்பு வரும் சார், பாம்பு வரும்" என்று தினமும் அபாயச் சங்கு ஊதினார். அவர் வீட்டில் பிளாஸ்டிக் புல்லுக்கு அடியில் கரப்பான் வந்தது. என் வீட்டில் பாம்பு வரவில்லை.

கார்த்திகையில் வெட்டுக்கிளி வந்தது. யாரும் கூப்பிடவில்லை, யாரும் பாட்டிலில் பிடித்து வரவில்லை. காலை வெயில் ஏறியதும் புல்லைக் காலால் தட்டினால் நாலாபக்கமும் தெறித்தன. மண் நிறத்தில் தடித்தது, வைக்கோல் நிறத்தில் கூர்மூக்கு, உடம்பைவிட நீளமான மீசையோடு பச்சையில் சின்னது. நாற்காலியை அங்கேயே கொண்டுபோய்ப் போட்டேன். சின்னப் பிள்ளை மாதிரி சந்தோஷப்பட்டேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

ஆனால் எந்தச் சனியனும் சத்தம் போடவில்லை.

காலையில் உட்கார்ந்தேன். மத்தியானம் உட்கார்ந்தேன். விளக்கு வைக்கிற நேரத்தில் உட்கார்ந்தேன். தின்கின்றன, தாவுகின்றன, ஒன்றின் முதுகில் ஒன்று ஏறிக்கொள்கின்றன, வாயை மட்டும் திறப்பதில்லை. மனைவியைக் கூப்பிட்டேன். அவளும் வந்து செத்த நேரம் நின்றாள்.

"ஏதாவது சத்தம் கேக்குதா?"

"ஒண்ணும் கேக்கலையே" என்றாள்.

டீக்கடை ஜமாவையே வீட்டுக்குக் கூட்டி வந்தேன். மூன்று பேரும் தோட்டத்தைச் சுற்றி நின்று, காதுக்குப் பின்னால் கையைக் குவித்துவைத்துக்கொண்டு, நீதிபதிகள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார்கள். கடைசியில் தீர்ப்பு வந்தது.

"பூச்சி இருக்கு. சத்தம் இல்ல" என்றார் கார்டிங்.

"ஊமையாப் போச்சுலே எல்லாம். மருந்து தின்னு தின்னு, வம்சமே ஊமையாப் போச்சு" என்றார் ஜாப்பர்.

இந்தக் காலத்து வெட்டுக்கிளிக்குக் கத்தக்கூட வக்கில்லை என்று நானும் காறித் துப்பினேன். முந்தியெல்லாம் மில் ஷிப்டு முடிந்து வரும்போது கால்வாய் ஓரத்தில் என்ன இரைச்சல் போடும்! இதுகள் தின்பதற்கும் ஏறிக்கொள்வதற்கும் மட்டும் பிறந்த ஜென்மங்கள். ஆனால் ஒரு விஷயத்தில் எனக்கு அனுகூலம்தான். சத்தமே இல்லை என்றால், எனக்குக் கேட்கவில்லை என்பதில் என்ன குற்றம்? மருமகனுக்கு நானே போன் போட்டேன்.

"மாப்ள, வெட்டுக்கிளியக் கொண்டாந்து இறக்கிட்டேன். ஆனா எல்லாம் ஊமை. அந்தப் பிள்ள என்னையக் கேட்டுச்சுல்லா, வெட்டுக்கிளிச் சத்தம் கேக்குதான்னு? நீங்களே வந்து காதக் குடுத்துக் கேளுங்க. பொறவு சொல்லுங்க, கோளாறு யாருக்குன்னு."

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மருமகனும் மகளும் பேத்தியும் வந்தார்கள். இந்தத் தடவை பெல் அடிக்கவில்லை. கதவைத் திறந்துவைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றிருந்தேன். நேராகப் பின்பக்கம் அழைத்துப் போனேன். வெயில் நன்றாக ஏறியிருந்தது. மருமகன் அன்றைக்கு டை கட்டவில்லை. தோட்டத்து முன்னால் நின்றார். என் மகளைப் பார்த்தார். அவள் குனிந்து குழந்தையின் சட்டையைச் சரிசெய்தாள்.

"எங்க, ஏதாவது கேக்குதா மாப்ள? நிதானமாச் சொல்லுங்க" என்றேன்.

 அவர் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார்.

"இல்ல மாமா" என்றார். "ஒண்ணும் கேக்கல."

"பாத்தியளா! அந்த மிஷின்காரி எம்புட்டுப் பேச்சுப் பேசுனா!"

"ஆமா மாமா. அவுகளுக்கு யாவாரம். பொங்கல் கழிஞ்சு பிள்ளையக் கொண்டாந்து விடுதேன். கொஞ்ச நாள் பாப்போம்."

கடைசி வார்த்தையை நான் காதில் வாங்கவில்லை. ஜெயித்துவிட்டேன். என் மனைவி அவர் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் முடிக்கும் முன்னாலேயே வீட்டுக்குள் ஓடினாள். பீரோவைத் திறந்து பழைய நூல் சேலை ஒன்றை எடுத்து, தொட்டில் சரியாக வருகிறதா என்று இப்போதே கட்டிப்பார்க்கப் போகிறாளாம். மருமகன் முன்வாசல் பக்கம் போய்விட்டார். போன் வந்ததாகச் சொன்னார். மகள் என் மடியில் குழந்தையைக் கொடுத்துவிட்டுப் படியில் உட்கார்ந்தாள்.

நான் நாற்காலியில் பேத்தியை வைத்துக்கொண்டு ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தேன். என் முகத்துக்கு நேராக, கையெட்டும் தூரத்தில் ஒரு புல் தாளில் பச்சைக் குட்டி ஒன்று உட்கார்ந்திருந்தது. நீண்ட மீசை. பிள்ளைக்குக் காட்டலாம் என்று பார்த்தேன். அதன் முதுகில் இறக்கை இரண்டும் சேருகிற இடம் நடுங்க ஆரம்பித்தது. ரிங் பிரேமில் ஸ்பிண்டில் சுற்றும்போது, சுற்றுகிறதா நிற்கிறதா என்றே தெரியாமல் ஒரு மங்கல் தெரியும். அந்த மாதிரி. அந்த நொடியில் குழந்தை வெடுக்கென்று அந்தப் பக்கம் திரும்பியது.

இறக்கை நின்றது. குழந்தை என் சட்டைப் பொத்தானுக்குத் திரும்பி வந்தது. இறக்கை மறுபடி நடுங்கியது. குழந்தை மறுபடி திரும்பியது. கண்ணை அகல விரித்துக்கொண்டு, வாயை லேசாகத் திறந்துகொண்டு, புல்லுக்குள் தேடியது.

நான் காலை நகர்த்தினேன். பூச்சி சட்டென்று அடங்கியது. குழந்தை என்னைப் பார்த்தது. அசையாமல் இருந்தேன். இறக்கை நடுங்கியது. குழந்தை திரும்பியது. தோட்டத்தின் அந்த மூலையைப் பார்த்தது, பிறகு வேலியோரத்தைப் பார்த்தது, பிறகு ஆவாரஞ் செடியைப் பார்த்தது. எங்கும் சத்தம். அந்தத் தோட்டம் முழுக்க இரைச்சல். என் மடியில் இருந்த குழந்தை அந்த இரைச்சலுக்குள் உட்கார்ந்திருந்தது. நான் ஒரு கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

என்ன ஒரு அடிமுட்டாள் நான்! என் காதுக்குச் சாட்சியாக யாரைப் பிடித்தேன்? கார்டிங்கை, புளோ ரூமை, ஜாப்பரை. அதே மில்லில் கோன் வைண்டிங்கில் இருந்து ஓய்வு பெற்ற என் மனைவியை. ஒரே கூரைக்கு அடியில், ஒரே இரைச்சலில், சேர்ந்து செவிடானவர்கள். மில்லுக்குள் யாரும் காதால் கேட்டுப் பேசியதில்லை. உதட்டைப் பார்த்துப் பேச்சைப் பிடிப்போம், கையைக் காட்டி வேலையைச் சொல்வோம். வெளியே வந்த பிறகும் அப்படியே ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசிக்கொண்டிருந்ததால் எவனுக்கும் எதுவும் குறையவில்லை. காது போனதைச் சொல்ல வேண்டியவனுக்கும் காது போயிருந்தது. அந்த லட்சணத்தில் செல் டவர், வயல் மருந்து, வம்சமே ஊமை என்று ஊரையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றினோம். ஊரில் வெட்டுக்கிளி எப்போதும்போல் கத்திக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

என் மருமகன் பொய் சொல்லியிருக்கிறார். என்மேல் இரக்கப்பட்டு. அதை நினைத்தபோது அவமானத்தில் காது மடல் சுட்டது. எந்த மனிதரை இத்தனை மாதமாக வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டிருந்தேனோ, அவர் என் மானத்தைக் காப்பாற்றத் தன் பிள்ளையை என்னிடம் விடச் சம்மதித்திருக்கிறார். என்ன பைத்தியக்காரத்தனம்! மானத்தைவிட எனக்குப் பயம்தான் பெரிதாக இருந்தது. உள்ளே தொட்டிலில் இந்தக் குழந்தை எழுந்து அழும். கூடத்தில் நாங்கள் இரண்டு பேரும் டிவி முன்னால் உட்கார்ந்திருப்போம்.

"எம்மா" என்று மகளைக் கூப்பிட்டேன். "கேக்குது, இல்ல?"

அவள் என்னைப் பார்த்தாள்.

"எம்புட்டுச் சத்தமா கேக்குது?"

"ரொம்ப ஒண்ணும் இல்லப்பா" என்றாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "தெருவுல கார விட்டு இறங்கும்போதே கேட்டுச்சுப்பா. அவருக்கு மனசே இல்ல, பொய் சொல்ல. நாந்தான் வழியெல்லாம் கெஞ்சிக் கூட்டியாந்தேன். அம்மாவுக்காக."

"பிள்ளைய இங்க விடாத" என்றேன்.

"அப்பா…"

"விடாத. ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை நீயும் கூட வந்து இரு. தனியா எங்ககிட்ட விடாத."

அவள் படியிலிருந்து எழுந்தாள். பிறகு, "அம்மாகிட்ட நீங்களே சொல்லுங்க, என்னால முடியாது" என்றாள். குழந்தையை வாங்கிக்கொண்டாள். நான் எழுந்து உள்ளே போனேன்.

என் மனைவி ஸ்டூல் மேல் ஏறி நின்று கொக்கியில் சேலையை மாட்டிக்கொண்டிருந்தாள். முதுகு என் பக்கம். முந்தானையை இடுப்பில் செருகியிருந்தாள். முடிச்சை இழுத்து இழுத்துப் பார்த்து, தொட்டிலின் ஆழத்தைக் கையால் தடவி அளந்துகொண்டிருந்தாள். ஏதோ தாலாட்டு மாதிரி உதடு அசைந்துகொண்டிருந்திருக்க வேண்டும். தோள் லேசாக ஆடியது. 

"தொட்டில் வேணாம். பிள்ளைய இங்க விட வேணாம்னு நாந்தான் சொன்னேன்" என்று அவள் முதுகுக்குப் பின்னால் நின்று சொன்னேன்.

என் உதட்டைப் பார்க்காதவள் சேலையை இன்னொரு சுற்றுச் சுற்றினாள். இரண்டாவது தடவை கத்திச் சொன்னேன்.